கொக்கி தைக்கிற நேரத்தில் டாட்ஜ் சிட்டி: 'கன்ஸ்மோக்' வானொலி நாடகத்தை எப்படிக் கேட்பது

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது 'கன்ஸ்மோக்' கேட்காதீர்கள். நான் சொல்லப்போகும் மற்ற எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம்.

நான் பாளையங்கோட்டையில் ரவிக்கையும் சுடிதாரும் தைக்கிறவள். பகல் முழுக்க வெட்டு, மெஷின், ஓவர்லாக். இரவு எட்டரைக்குக் கடையை அடைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து கைவேலை பார்ப்பேன். ஹெம்மிங், கொக்கி, காஜா. கண்ணும் கையும் துணியில் இருக்கும், காது சும்மா கிடக்கும். சின்ன வயதில் ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த காது அது, சும்மா இருக்கப் பழகவில்லை. நான்கு வருடத்துக்கு முன்பு அந்தக் காதுக்கு என் அக்கா மகன் ஒரு தீனி கொண்டுவந்தான். 1952 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவில் சிபிஎஸ் வானொலியில் தொடங்கி, 1961 ஜூன் 18 வரை ஓடிய நாடகத் தொடர். சுமார் 480 ஒலிபரப்புகள், ஒவ்வொன்றும் அரை மணி. கன்சாஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டியில் 1870களில் நடக்கிற கதை. மேட் டில்லன் என்று ஒரு மார்ஷல், அதாவது சட்டத்தைக் காக்கிற அதிகாரி.

"கௌபாய் கதைதானே, டிஷ்யூம் டிஷ்யூம்" என்றேன்.

"கேட்டுப் பாருங்க சித்தி, இதுல சுடுறதைவிட நடக்கிறதுதான் அதிகம்" என்றான்.

அவன் சொன்னது எவ்வளவு சரி என்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. ஏனென்றால் அவன் போனில் போட்டுக்கொடுத்த செயலியில் ஒரு வசதி இருந்தது: பேச்சில்லாத இடங்களைத் தானாகவே வெட்டி, நேரத்தை மிச்சப்படுத்தித் தரும். அது 'ஆன்' ஆகி இருந்தது எனக்குத் தெரியாது. முதல் இருபது நாடகத்தை அப்படியே கேட்டேன். பரவாயில்லை, ஆனால் எல்லாரும் ஏதோ பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி பேசுகிறார்களே என்று இருந்தது. அப்புறம் ஒரு நாள் அவன் பார்த்துவிட்டு அதை அணைத்தான். கேட்ட நாடகத்தையே மறுபடி போட்டேன். நடுவில் ஒரு இடத்தில் யாரோ ஒருவர் கேள்வி கேட்டார், பதிலே வரவில்லை. போன் நின்றுவிட்டது என்று எடுத்துத் தட்டினேன். நிற்கவில்லை. மேட் யோசித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். தூரத்தில் எங்கோ ஒரு நாய் குரைத்தது. பிறகு மெதுவாக ஒற்றை வரி பதில்.

ஆகவே கேட்க உட்காருவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை. உங்கள் செயலியில் மௌனத்தை வெட்டும் வசதி இருக்கிறதா என்று பார்த்து அணையுங்கள். வேகத்தை ஒன்றிலேயே வையுங்கள், ஒன்றேகால் கூட வேண்டாம். மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்தால் நல்லது. இயர்போன் ஒரு காதில் போதும். இது ஸ்டீரியோ அல்ல, இரண்டு காதிலும் ஒரே சத்தம்தான் வரும். இன்னொரு காது குக்கர் விசிலுக்கும் வாசல் மணிக்கும் இருக்கட்டும். எனக்கு வலது காது பேச்சுக்கு நன்றாகப் பிடிபடுகிறது. உங்களுக்கு எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே கிடைக்கும்? இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் 'கன்ஸ்மோக்', கூடவே 'ஓல்ட் டைம் ரேடியோ' என்று தட்டித் தேடுங்கள். கோப்பின் பெயரில் ஒலிபரப்பான தேதி இருக்கிற தொகுப்பாகப் பார்த்து எடுங்கள். கதையின் பெயர் மட்டும் போட்ட தொகுப்பு என்றால் போன் அதை அகர வரிசையில் அடுக்கிவிடும். 1959 முன்னால் வரும், 1952 பின்னால் வரும், நாடகத்தில் வருகிற கிட்டி என்ற பெண் ஒரு நாள் பழக்கமானவள் மாதிரியும் மறுநாள் புதியவள் மாதிரியும் பேசுவாள். சில பிரதிகளில் சிகரெட் விளம்பரம் அப்படியே இருக்கும். செஸ்டர்ஃபீல்டும் எல் அண்ட் எம்மும்தான் பல வருடம் இந்தத் தொடருக்குப் பணம் போட்டன. ஒரு கொலை முடிந்த கையோடு "இதமான புகை" என்று ஒருவர் உற்சாகமாகச் சொல்வார். அமெரிக்கப் படைவீரர்களுக்கான வானொலிக்கு அனுப்பிய பிரதிகளில் விளம்பரம் நீக்கப்பட்டிருக்கும். நான் விளம்பரம் உள்ளதையே கேட்கிறேன். நூல் கோக்க நேரம் கிடைக்கிறது.

இனி ஆட்கள். நிரந்தரமாக நாலே பேர்தான், குரலைப் பிடித்துக்கொண்டால் போதும். மேட் டில்லனாக வில்லியம் கான்ராட். கனத்த, அடிவயிற்றிலிருந்து வருகிற குரல். தொடங்கும்போது அவருக்கு வயது 31தான் என்றால் நம்ப மாட்டீர்கள். மேட்டின் உதவியாளன் செஸ்டராக பார்லி பேர். கொஞ்சம் இழுத்து, "மிஸ்டர் டில்லன்" என்று தொடங்குகிற குரல். டாக்டராக ஹவர்ட் மெக்னியர். ஆரம்ப வருடங்களில் இந்த டாக்டர் நல்லவர் மாதிரியே தெரியமாட்டார். பிணம் விழுந்தால் தனக்கு வருமானம் என்று சந்தோஷப்படுவார். போகப்போக மனிதர் கனிந்துவிடுவார். கிட்டியாக ஜார்ஜியா எல்லிஸ். மதுக்கடையில் வேலை. என்ன வேலை என்று நாடகம் வாய்திறந்து சொல்லாது. கிட்டிக்கும் மேட்டுக்கும் இடையில் என்ன என்பதையும் சொல்லாது. அவர்கள் பேசும்போது வார்த்தையை விட்டுவிட்டு இடைவெளியைக் கேளுங்கள்.

1955 செப்டம்பரில் இதே கதை தொலைக்காட்சிக்கும் போனது. அங்கே மேட்டாக உயரமான ஜேம்ஸ் ஆர்னஸ். அது 1975 வரை ஓடியது. வானொலியில் கான்ராட் ஆறு வருடம் இணையாகத் தொடர்ந்தார். தொலைக்காட்சியைப் பார்த்தவர்கள் செஸ்டர் நொண்டி நடப்பான் என்று எதிர்பார்ப்பார்கள். வானொலிச் செஸ்டர் நொண்டி அல்ல, அது அங்கே போன பிறகு சேர்ந்தது. ஒரு யோசனை: படத்தை முதலில் பார்க்காதீர்கள். பார்த்துவிட்டால் அந்த முகம் உங்கள் காதுக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

இவர்கள் நால்வர் போக, வாரா வாரம் வருகிற கொலைகாரர், விவசாயி, மாட்டுக்காரர் எல்லாருமே ஏறக்குறைய ஒரே கூட்டம்தான். ஜான் டேனர், விக் பெரின், லாரன்ஸ் டாப்கின், ஹாரி பார்டெல், ஜீனெட் நோலன், வர்ஜினியா கிரெக். போன வாரம் தூக்கில் தொங்கியவர் இந்த வாரம் சாமியாராக வருவார். நாடகம் முடிந்ததும் பெயர் வாசிப்பார்கள், அதுவரை நிறுத்தாமல் கேளுங்கள். பத்து நாடகம் கேட்டால் டேனரின் குரல் தானாகத் தெரிந்துவிடும்.

ஆங்கிலம் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள் நான். இதற்கு மருந்து அகராதி அல்ல. சட்டத்தைப் புரிந்துகொள்வதுதான். பேச்சு பாதி விட்டுப்போனாலும், அங்கே எது குற்றம், எது குற்றமில்லை என்று தெரிந்தால் கதை கையில் நிற்கும். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

டாட்ஜ் சிட்டி நிஜமான ஊர். 1872-ல் ரயில் வந்தது. முதலில் காட்டெருமைத் தோல் வியாபாரம், அது ஓய்ந்ததும் டெக்சாஸ் மாடுகள். டெக்சாஸிலிருந்து மாதக்கணக்கில் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து, இங்கே ரயிலில் ஏற்றிவிட்டு, மொத்தச் சம்பளத்தையும் ஒரே நாளில் கையில் வாங்குகிற இளவட்டங்கள். ஃபிரண்ட் ஸ்ட்ரீட் முழுக்க மதுக்கடை. இதில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டாம். டெக்சாஸ் மாடு வழியாக நோய் பரவுகிறது என்று கன்சாஸ் 1885-ல் கதவைச் சாத்தியதோடு அந்த ஆட்டம் முடிந்தது. நிஜ டாட்ஜில் ஒரு விதி இருந்தது: ரயில் தண்டவாளத்துக்கு வடக்கே துப்பாக்கியோடு வரக் கூடாது. டாட்ஜ் உட்பட ஐந்து கன்சாஸ் மாட்டுச் சந்தை ஊர்களில் 1870 முதல் 1885 வரை நடந்த கொலைகளை ஒரு வரலாற்றாசிரியர் எண்ணிப் பார்த்தார். மொத்தம் 45. மேட் டில்லனின் டாட்ஜில் அது ஒரு வருடத்துக்கே காணாது.

இன்னொரு வித்தியாசம். நிஜத்தில் ஊர்க் காவலுக்கு நகர மார்ஷல், மாவட்டத்துக்கு ஷெரிஃப், மத்திய அரசின் சட்டங்களுக்கு யு.எஸ். மார்ஷல் என்று ஆள் ஆளுக்கு எல்லை உண்டு. நாடகத்தில் மேட் யு.எஸ். மார்ஷல், ஆனால் குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவனைத் தூக்கி உள்ளே போடுவதும் அவர்தான். அதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

சரி, முக்கியமான விஷயம். இந்த நாடகத்தில் ஒருவன் இன்னொருவனைச் சுட்டுவிட்டால், மேட் கேட்கிற முதல் கேள்வி, "முதலில் எடுத்தது யார்?" உறையிலிருந்து துப்பாக்கியை முதலில் எடுத்தவன் செத்தவன் என்றால், சுட்டவன் தற்காப்புக்குச் சுட்டவன். அவன் மேல் கை வைக்க முடியாது. இது தெரிந்த ஒருவன், கை வேகமானவன், ஊருக்குள் வருகிறான். ஒரு அப்பாவி விவசாயியைச் சீண்டுகிறான். பெண்டாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறான். விவசாயியின் கை இடுப்புக்குப் போகிறது. முடிந்தது. பத்துப் பேர் சாட்சி, எல்லாரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். நடந்தது கொலை என்று மேட்டுக்கும் தெரியும், நமக்கும் தெரியும், சட்டத்துக்கு மட்டும் தெரியாது. இந்தச் சிக்கலை இவர்கள் விதவிதமாகத் திருப்பித் திருப்பிப் போடுவார்கள். மேட்டால் முடிந்தது, "ஊரை விட்டுப் போ" என்பது. ("கெட் அவுட் ஆஃப் டாட்ஜ்" என்று ஆங்கிலத்தில் இன்றும் சொல்கிறார்களே, இப்படிப்பட்ட கதைகளிலிருந்து புழக்கத்துக்கு வந்ததுதான்.) போகாவிட்டால், அவனைத் தானே எதிர்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் மேட்டுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? மேட் அதைத் தன்னிடமே கேட்டுக்கொள்கிற இடங்களில்தான் கான்ராட்டின் குரல் தாழ்ந்து போகும்.

அதற்கு நேர் எதிரானது ஊர்க்கூட்டம். நீதிபதி வர நாளாகும், அதுவரை எதற்குக் காத்திருக்க, மரம் இருக்கிறது, கயிறு இருக்கிறது என்று கிளம்புகிறவர்கள். அப்போது மேட் சிறைக் கதவின் முன்னால் நிற்பார், உள்ளே இருக்கிறவன் மேல் அவருக்கே ஒரு சொட்டு இரக்கம் இல்லாவிட்டாலும்.

இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டீர்கள் என்றால், மிச்சம் சில சொற்கள்தான். 'டிரா' என்றால் துப்பாக்கியை உருவுவது. 'புஷ்வாக்' மறைந்திருந்து சுடுவது, அதைச் செய்தவனுக்கு யாரும் மரியாதை தரமாட்டார்கள். 'பாஸி' என்றால் குற்றவாளியைத் துரத்த மார்ஷல் திரட்டுகிற ஊர் ஆட்கள். 'நெஸ்டர்' வேலி போட்டு விவசாயம் செய்ய வந்தவன், மாட்டுக்காரர்களுக்கு ஆகாது. 'பூட் ஹில்' கல்லறை. 'லிவரி ஸ்டேபிள்' வாடகைக் குதிரை லாயம். "ஐ ரெக்கன்" என்று எல்லாரும் எப்போதும் சொல்வார்கள். "நான் நினைக்கிறேன்" என்பதுதான், சில நேரம் அதுவும் இல்லை, மூச்சு விடுவதற்குப் பதில்.

இப்போது சத்தம். இந்தத் தொடரின் உண்மையான கதாநாயகர்கள் ரே கெம்பர், டாம் ஹான்லி, பில் ஜேம்ஸ் என்ற ஒலி அமைப்பாளர்கள் என்பேன். மேட் நடந்தால் பலகை நடைபாதையில் பூட்ஸ், குதிரையை விரட்ட அதன் குதிகாலில் மாட்டிய முள்ளின் சிணுங்கல். படியிறங்கினால் சத்தம் மண்ணுக்கு மாறும். அதை எண்ணிக்கொண்டே போனால் அவர் எங்கே நிற்கிறார் என்று தெரியும். ஒரு மதுக்கடைக் காட்சியை இப்படிக் கேளுங்கள்: பலகையில் காலடி, ஊசல் கதவு, பியானோ. காலடி பாதியில் நிற்கிறது. பியானோவும் நிற்கிறது. ஒரு நாற்காலி பின்னால் இழுபடுகிறது, அப்புறம் இன்னும் இரண்டு. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் யார் ஒதுங்குகிறார்கள், யார் ஒதுங்கவில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. துப்பாக்கிச் சத்தமும் அட்டைப்பெட்டியில் அடித்த மாதிரி இருக்காது. திறந்தவெளியில் நிஜத் துப்பாக்கியைச் சுட்டுப் பதிந்தார்கள். அந்த எதிரொலி போய்ச் சேர்கிற தூரத்தில் சமவெளி விரிகிறது. சத்தம் அடங்கிய பிறகுதான் ஊசியை மறுபடி எடுப்பேன்.

எதிலிருந்து தொடங்குவது? முதல் நாடகம் 'பில்லி த கிட்'. கூட்டம் தூக்குக் கயிற்றோடு கிளம்புகிற கதை, பாடம் மாதிரி அமைந்துவிட்டது. அதை முதலில் கேளுங்கள். அடுத்து 'ஹோம் சர்ஜரி', அதே 1952. ஊரிலிருந்து வெகு தூரத்தில் ஒருவருக்குக் கால் அழுகிக்கொண்டிருக்கிறது. டாக்டர் இல்லை. மேட்டே அந்தக் காலை எடுக்க வேண்டும். கைவேலை செய்துகொண்டு இதைக் கேட்காதீர்கள் என்று எச்சரிக்கிறேன். நான் கேட்ட இரவு ஒரு பட்டு ரவிக்கைக்குக் கொக்கியை வளையம் வர வேண்டிய பக்கம் வரிசையாகத் தைத்து வைத்திருந்தேன். மொத்தத்தையும் பிரித்துத் தைத்தேன். பட்டில் ஊசித்துளை மறையாது, மேலே ஒரு பட்டி வைத்துச் சமாளித்தேன்.

மூன்றாவது 'கிட்டி'. மேட் அவளை ஒரு நடனத்துக்கு அழைத்துப் போகிறார். 'நல்ல குடும்பத்துப்' பெண்கள் அங்கே இருக்கிறார்கள். துப்பாக்கியைவிட மோசமானது அந்தக் கூடம். அப்புறம் 1952 டிசம்பர் 27-ல் வந்த 'த கேபின்'. பனிப்புயலில் ஒதுங்க இடம் தேடி மேட் ஒரு குடிசைக்குள் போகிறார். உள்ளே இரண்டு கொலைகாரர்கள், அவர்களிடம் சிக்கிய ஒரு பெண். மேட் ஜெயிக்கிறார். ஜெயித்து என்ன? அந்தப் பெண்ணுக்குத் திரும்பப் போக ஒன்றும் மிஞ்சவில்லை. கடைசி ஐந்து நிமிடம் அவர்கள் இருவரும் பேசுவதை நான் மூன்று முறை கேட்டேன். எழுதியவர் ஜான் மெஸ்டன், கொலராடோவில் பிறந்து வளர்ந்தவர். இந்தத் தொடருக்கு நூற்றுக்கும் மேல் எழுதினார். தயாரித்து இயக்கியவர் நார்மன் மெக்டொனல். பெரியவர்கள் கேட்கிற மாதிரி ஒரு கௌபாய் நாடகம் வேண்டும் என்று இந்த இருவரும் பிடிவாதமாக நின்றார்கள்.

இதற்குப் பிறகு 1954-க்குத் தாவி 'பிளடி ஹேண்ட்ஸ்' கேளுங்கள். சுட்டுச் சுட்டு மனம் வெறுத்துப்போன மேட் வேலையை விட்டுவிடுகிறார். கிட்டியோடு மீன் பிடிக்கப் போகிறார். மார்ஷலாக இல்லாத மேட்டின் குரல் எவ்வளவு லேசாக இருக்கிறது என்று கவனியுங்கள். அப்போது செஸ்டர் வருகிறான். அதற்கு மேல் சொல்லமாட்டேன். ஐந்தும் முடிந்ததும் முதலிலிருந்து தேதி வரிசையில் போகலாம்.

ஒரு இரவுக்கு ஒன்று போதும். நான் ஆரம்பத்தில் மூன்று, நான்கு என்று கேட்டேன். எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, யார் செத்தது எதில் என்று தெரியாமல் போனது. வாரம் ஒன்று கேட்கிற ஆட்களுக்காக எழுதியது இது.

எரிச்சல் தருகிற இடங்களும் உண்டு, மறைக்க மாட்டேன். செவ்விந்தியர்களாக வெள்ளை நடிகர்கள் ஒடித்து ஒடித்துப் பேசுவார்கள். அவர்கள் பக்கம் நியாயம் சொல்கிற கதைகள் இருந்தாலும் அந்தப் பேச்சு காதைக் குத்தும். பெண்களில் முக்கால்வாசிப் பேர் அடிபடவோ அழவோதான் வருகிறார்கள். பிந்திய வருடங்களில் நகைச்சுவைக்கென்று சில எழுதினார்கள், அவற்றில் பாதி எனக்கு இறங்கவில்லை. அப்படி வந்தால் கூசாமல் தள்ளிவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.

இது பிடித்துப்போனால் பக்கத்திலேயே இன்னும் இருக்கின்றன. மெக்டொனலே 1956-ல் 'ஃபோர்ட் லாரமி' என்று குதிரைப்படைக் கோட்டைக் கதை செய்தார், ரேமண்ட் பர் நடிப்பில், 40 நாடகம். 1958-ல் 'ஃபிராண்டியர் ஜென்டில்மேன்': லண்டன் பத்திரிகைக்காக மேற்கைச் சுற்றி எழுதுகிற ஆங்கிலேய நிருபராக நம் ஜான் டேனர். இதில் ஆங்கிலம் தெளிவாக இருக்கும். அமெரிக்க இழுப்பு பிடிபடாதவர்கள் இதில் தொடங்கிவிட்டு டாட்ஜுக்கு வந்தாலும் தப்பில்லை. ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் 'த சிக்ஸ் ஷூட்டர்' 39 நாடகம், மென்மையானது, காய்ச்சல் நேரத்துக்கு ஏற்றது.

எனக்கு 'கன்ஸ்மோக்'கில் இன்னும் அறுபது சொச்சம் பாக்கி. கல்யாண மாதம் வந்தால் ஆர்டர் குவியும், இரவிலும் மெஷினில்தான் உட்கார வேண்டும். அந்த மாதம் கேட்க மாட்டேன். தை முடிந்ததும், கொக்கி டப்பாவை எடுத்துக்கொண்டு, 1960 மார்ச்சில் விட்ட இடத்திலிருந்து.